கம்பெனி வண்டியும் நான்காம் நபரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவர் ஒருவர்)

காலை ஒன்பது மணிக்கு எந்த ஊர்க் கடைத்தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். சோப்புக் கம்பெனிக்கு ஆர்டர் எடுப்பவர், மொத்த மருந்துக் கடைக்காரரின் ஆள், சீட்டு நிறுவனத்தின் வசூல்காரர், தண்ணீர்க் கேன் போடுபவர் என்று பலரும் தமக்குச் சொந்தமில்லாத மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்குவதைக் காணலாம். வண்டி கம்பெனியுடையது. பெட்ரோல் கம்பெனியுடையது. பின்னால் கட்டிய பெட்டியில் எழுதியிருக்கும் பெயரும் கம்பெனியுடையதே. ஓட்டுபவரின் கை, கால், தலை ஆகிய மூன்று மட்டுந்தான் அவருடையவை. அந்த மூன்றுக்கும் அந்த வண்டியின் இன்சூரன்சுக்கும் என்ன தொடர்பு என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு தொடர்பும் இல்லை என்ற விடையே கிடைக்கிறது.

இயற்பியல் படிக்கும் மாணவன் எழுத வேண்டிய பொருளா இது என்று சிலர் கேட்கலாம். வணிகவியல் துறை நண்பர்கள் காப்பீட்டியலைத் தனிப் பாடமாகவே படிக்கின்றனர். அவர்கள் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்கள். ஆயினும் நம் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறுவோரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகளாகவோ அதிகாரிகளாகவோ போவதில்லை. விற்பனைப் பிரதிநிதியாகவோ வசூல் அலுவலராகவோ ஒரு கம்பெனி வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டுதான் வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். விளம்பரங்களில் 'வண்டி தரப்படும்' என்ற இரண்டு சொற்களைக் கண்டால் நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! அந்த வண்டியோடு என்ன தரப்படுகிறது, என்ன தரப்படுவதில்லை என்பதை அறிந்துகொள்வது எல்லாத் துறையினருக்கும் வேண்டியதே.

முதலில், கம்பெனி வண்டிக்கு மலிவாக இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டும் என்று முதலாளிகள் விரும்புவது நியாயமான விருப்பமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு வண்டி, ஆறு வண்டி வைத்திருக்கும் சிறு ஏஜென்சிக்காரருக்கு ஆண்டுதோறும் புதுப்பிப்பு என்பது ஒரு செலவுதான். போட்டாலும் கண்ணுக்குத் தெரியாத செலவு. போடாவிட்டாலோ போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓடினால் முதல் முறை 2,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும், மறுமுறை அபராதம் 4,000 ரூபாய் என்றும் 2019 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே பலரும் அபராதத்துக்கு அஞ்சியே பாலிசி எடுக்கின்றனர். அபராதத்துக்கு அஞ்சி எடுக்கும் பாலிசி எப்படி இருக்கும்? எது குறைவோ அதுவாகத்தான் இருக்கும். ஏஜெண்டு மூன்று கம்பெனிகளின் தொகையைச் சொல்வார், மிகக் குறைந்த தொகையை முதலாளி சுட்டிக் காட்டுவார், காரியம் முடிந்தது. எந்தத் தொகையில் எது அடங்கியிருக்கிறது என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை.

உண்மையில், கட்டாயமான பகுதியின் விலையில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடே கிடையாது. நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீடு 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியாக வந்து, 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டாயமாயிற்று. இப்போதுள்ளது 1988 ஆம் ஆண்டுச் சட்டம்; அதன் 146 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதற்குரிய பிரீமியத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 75 சி.சி. வரை 538 ரூபாய். அதற்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 350 சி.சி. வரை 1,366 ரூபாய். அதற்கும் மேலென்றால் 2,804 ரூபாய். இதன்மேல் ஜி.எஸ்.டி. வரி தனி. கம்பெனிகள் வாங்கிக் கொடுக்கும் வண்டிகள் பெரும்பாலும் நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிகளே. 714 ரூபாயை 365 நாளுக்குப் பங்கிட்டால், வரி நீங்கலாக, நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. சாலையில் செல்லும் யாரோ ஒருவருக்கு இந்த வண்டியால் உயிர் போனால் அவர் குடும்பத்துக்கு உச்சவரம்பில்லாமல் இழப்பீடு தர இந்தத் தொகை வழி செய்கிறது. இதை மலிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் கம்பெனி வண்டிக்கும் நம் வீட்டு வண்டிக்கும் பிரீமியத்தில் ஏன் வேறுபாடு வருகிறது? கம்பெனி வண்டிக்குச் சில நூறு ரூபாய் ஏன் குறைகிறது? பெரிய நிறுவனம் என்பதற்காகத் தரும் சலுகை என்று பலர் நினைக்கின்றனர். அன்று, அங்கே ஒரு வரி விடுபட்டுப் போகிறது.

அந்த வரியின் வரலாற்றில் நம் மாநிலத்துக்கும் பங்குண்டு. வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பு, இருசக்கர வண்டிகளுக்கு நெடுநாள் 1 இலட்சம் ரூபாயாகவே இருந்தது. அதற்குப் பிரீமியம் 50 ரூபாய். இந்தத் தொகை இக்காலத்துக்குப் போதாது, 15 இலட்சமாக உயர்த்த வேண்டும் என்று 2017 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. அதன் பிறகே 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 15 இலட்சம் காப்பு, ஆண்டுக்கு 750 ரூபாய் என்று நிர்ணயித்தது. 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் எடுக்கலாம் என்று ஆனவுடன் போட்டியினால் விலையும் இறங்கியது. அதே 2018 இல்தான் புது வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே வாங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணையும் நடைமுறைக்கு வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் ஆவார். உடைந்த எலும்புகளைக் கண்டு கண்டு சலித்த ஒரு மருத்துவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் இந்த 15 இலட்சம் யாருக்கு? 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்ற ஒருவருக்கு. ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். பாலிசியிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்சும் இருக்க வேண்டும். கம்பெனிக்குப் பெயர் உண்டு, லைசென்ஸ் கிடையாது. எனவே கம்பெனியோ கூட்டு வணிக நிறுவனமோ வண்டியின் உரிமையாளராக இருந்தால் இந்தக் காப்பைத் தரக் கூடாது என்று 2002 ஆம் ஆண்டு மோட்டார் தாரிஃப் விதியே சொல்லிவிட்டது. தர்க்கத்தில் பிழையில்லை. கம்பெனிக்குக் கால் இல்லை, ஆகவே கால் முறியாது. கம்பெனிக்கு மனைவி மக்கள் இல்லை, ஆகவே அவர்கள் அநாதைகளாகவும் மாட்டார்கள். ஆனால் வண்டி தானாக ஓடுவதில்லையே! மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே என்று எண்ணி எழுதிய விதி, இருவரும் வெவ்வேறாகும் இடத்தில் ஓட்டுநரைக் கீழே இறக்கி விட்டுவிடுகிறது. பிரீமியம் குறைகிறது. முதலாளியும் ஏஜெண்டும் மகிழ்கின்றனர். ஓட்டுபவருக்கு இந்தச் செய்தியே தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் இது தெரிய வந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. என் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, பக்கத்து நகரத்தில் ஓர் ஏஜென்சியில் ஆர்டர் எடுக்கும் வேலையில் சேர்ந்ததால்தான் நான் படிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், கிராமத்துக் கடைகளில் ஆர்டர் எடுத்துத் திரும்பும்போது, வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கிற்று. எதிரில் வண்டி ஏதும் இல்லை. யார் மீதும் மோதவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், பிளேட் வைத்தார்கள். மருத்துவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வண்டிக்குப் 'ஃபுல் இன்சூரன்ஸ்' இருக்கிறது என்று ஏஜென்சியில் சொன்னார்கள். நாங்களும் நம்பியிருந்தோம். ஃபுல் என்றால் முழுமை என்பதுதானே பொருள்? பதினைந்து நாள் கழித்துப் பாலிசித் தாளின் நகல் வீட்டுக்கு வந்தது. அண்ணன் கட்டிலில் படுத்தபடியே, "என்னடா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுடா" என்றார். நான் வரி வரியாகப் படித்தேன். வண்டியின் மதிப்பு இவ்வளவு, சொந்தச் சேதத்துக்கு இவ்வளவு, மூன்றாம் நபருக்கு இவ்வளவு என்று தொகைகள் வரிசையாக இருந்தன. தனிநபர் விபத்துக் காப்பு என்ற இடத்தில் மட்டும் ஒரு சுழி இருந்தது. அந்தச் சுழியைப் படித்துச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கிருந்தவர் பண்பாகத்தான் பேசினார். "தம்பி, இது வண்டிக்குப் போட்ட பாலிசிப்பா. ஆளுக்குப் போட்டது இல்லே" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. முகப்பு விளக்கு, கைப்பிடி, மட்கார்டு, பக்கவாட்டுக் கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் தேய்மானம் கழித்துக் கம்பெனிக் கணக்குக்குப் பணம் வந்து சேர்ந்தது. வண்டி பதினோராம் நாளே சாலையில் ஓடத் தொடங்கியது. அண்ணன் நான்கு மாதம் கழித்து நடந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே தலைப்பாகைக்கு மட்டுமே காப்பு இருந்தது. முதலாளியைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார், வேலையையும் வைத்திருந்தார். அவருக்கும் அந்தச் சுழி தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்சூரன்ஸ் மொழியில் பாலிசி எடுப்பவர் முதல் நபர். இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் நபர். சாலையில் செல்லும் மற்றவர்கள் மூன்றாம் நபர். வண்டி என் அண்ணனுடையது அன்று, ஆகவே அவர் முதல் நபர் அல்லர். இரண்டாம் நபராக முடியாது. தாமே ஓட்டி விழுந்ததால் மூன்றாம் நபரும் அல்லர். அப்படியானால் அவர் யார்? நான்காம் நபர் என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை; சாலையெங்கும் அந்த ஆள்தான் இருக்கிறார்.

இது என் கற்பனைக் கணக்கு அன்று. இன்னொருவருடைய மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டிச் சென்று இறந்த ஒருவரின் வழக்கில், ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அந்த வண்டியின் இன்சூரன்சில் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று 2009 இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2020 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பும் அதே வழியிலேயே சென்றது. இந்த இரண்டாவது வழக்கில் குடும்பத்துக்குக் கடைசியாகக் கிடைத்தது, பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துக் காப்பான 1 இலட்சம் ரூபாய் மட்டுமே. அந்த ஒரு வரி பாலிசியில் இருந்ததால் அதுவாவது கிடைத்தது. கம்பெனி வண்டியில் அந்த வரியே சுழியாக இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இரவல் வாங்கி ஓட்டுபவரும் வேலைக்காக ஓட்டுபவரும் ஒன்றல்லர் என்பது சரிதான். பின்னவர் முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் வண்டியின் பாலிசி தாமாகவே தம்மைக் காக்கும் என்று இருவருமே நம்பியிருக்க முடியாது.

என் பாடத்திலிருந்து ஒரு கணக்கு சொல்ல ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் ஒருவர் சுவரில் மோதினால், பத்து மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். நம் கல்லூரியின் மொட்டை மாடி அதைவிடத் தாழ்வு. இந்தக் கணக்கில் பொருண்மை வருகிறது, திசைவேகம் வருகிறது; ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது எங்கும் வருவதில்லை. 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம்முடையதே: 64,105 விபத்துகள்.

சரி, கம்பெனி நினைத்தாலும் ஓட்டுபவரைச் சேர்க்க முடியாதா? முடியும். இதுதான் என்னை மிகவும் வருத்தும் செய்தி. உரிமையாளர்-ஓட்டுநர் காப்பு கிடைக்காதே தவிர, வேறு கதவுகள் திறந்தே இருக்கின்றன. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவருக்கு நேரும் விபத்தால் முதலாளி மேல் விழும் சட்டப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள ஒரு கூடுதல் வரி உண்டு. ஓட்டுநர் என்ற பதவியில் இல்லாத மற்ற ஊழியர்கள், முதலாளியின் காரிலோ இருசக்கர வண்டியிலோ செல்லும்போதும் அதை ஓட்டும்போதும் நேருவதற்கு இன்னொரு வரி உண்டு. 2002 தாரிஃப் புத்தகத்தில் இந்த இரண்டாவது வரிக்கு விலை என்ன தெரியுமா? ஆளுக்கு 50 ரூபாய். இரண்டு டீ, இரண்டு வடை விலை!

இந்த இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆர்டர் எடுக்கச் செல்பவர் ஓட்டுநரா, விற்பனையாளரா? வேலைக்கு எடுத்தது விற்பதற்கு. நாள் முழுக்கச் செய்வதோ வண்டி ஓட்டுவது. ஓட்டுநர் என்ற வரி மட்டும் இருந்தால், இவர் ஓட்டுநர் அல்லர் என்று ஒரு வாதம் எழும். ஊழியர் என்ற வரி மட்டும் இருந்தால், இவர் ஓட்டுநர்தானே என்று மறு வாதம் எழும். வழக்கறிஞர்களுக்கு நல்ல வேலை. ஆகவே எந்த வேலையில் இருப்பவர் ஓட்டுகிறார் என்பதை எடுக்கும்போதே எழுத்தில் சொல்லி உரிய வரியைச் சேர்ப்பதே அறிவுடைமை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவை பொறுப்புக் காப்புகள். முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்று நிலைநாட்டிய பிறகே பணம் வரும். பெயர் குறித்து எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்போ, ஊழியர் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குழு விபத்துப் பாலிசியோ அப்படியன்று; யார் மேல் தவறு என்ற கேள்வியின்றி, விபத்து நேர்ந்தது என்றாலே குறித்த தொகை வரும். மணலில் சறுக்கி விழுந்தவருக்கு இதுவே ஏற்றது.

வேலை நேரத்தில் வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பெயர் மாறினாலும் பொறுப்பு மாறவில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு ஏஜென்சிகளை ஈ.எஸ்.ஐ. திட்டம் பொதுவாக எட்டுவதில்லை. அங்கெல்லாம் இந்தப் பொறுப்பு நேரே முதலாளியின் பணப்பெட்டி மேல் வந்து விழும். ஆகவே ஓட்டுபவருக்குக் காப்பு எடுப்பது தருமம் என்று முதலாளிகள் எண்ண வேண்டியதில்லை. தம் பணப்பெட்டிக்குப் போடும் பூட்டு என்றே எண்ணலாம்.

பயன்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் சைக்கிள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற ஒரு பத்தி உண்டு. வாடகைக்கு விடக் கூடாது, பந்தயத்துக்கு விடக் கூடாது என்பவற்றோடு, சரக்கு ஏற்றக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மாதிரிச் சரக்கும் சொந்தப் பைகளும் மட்டும் விலக்கு. மாதிரிப் பெட்டியோடு கடை கடையாகச் சென்ற அந்நாள் விற்பனையாளரை மனத்தில் வைத்து எழுதியது போலும்! இந்நாளில் அதே வண்டியில் இருபுறமும் தண்ணீர்க் கேன் தொங்குகிறது, சிலிண்டர் போகிறது, மூட்டை போகிறது. விபத்து நேர்ந்தால் இந்தப் பத்தியைக் காட்டிக் கிளெய்மை மறுக்க இடமுண்டு. மலிவாக இருக்கிறதே என்று பயன்பாட்டை மறைத்து எடுக்கும் பாலிசி, வேண்டிய நாளில் வெறுந்தாள் ஆகிவிடும். காப்பீட்டின் அடிப்படை மிகுந்த நன்னம்பிக்கை என்று வணிகவியல் நண்பர்கள் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்களே, அது இங்கேதான் வேலைக்கு வருகிறது. லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுப்பதும் இப்படியே. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, அதை முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் இடம் தரும்.

"இத்தனை வரியும் சேர்த்தால் மலிவு எங்கே இருக்கிறது?" என்று முதலாளிகள் கேட்பர். மலிவுக்கு வேறு நேர்வழிகள் உண்டு. வண்டியின் சொந்தச் சேதப் பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும்; 2007 முதல் அந்த விலையை அவரவரே வைத்துக்கொள்ளலாம். ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் அதுவே. ஆண்டு முழுவதும் கிளெய்ம் கேட்காவிட்டால் 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாண்டில் 50 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். முந்நூறு ரூபாய்க் கண்ணாடிக்குக் கிளெய்ம் கேட்டு இந்தக் கழிவை இழப்பவர்கள் இருக்கிறார்கள். காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்தாலும் கழிவு போய்விடும். கல்லாப் பெட்டிக்கு மேல் ஒரு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தால் போதும். நாலைந்து ஆண்டு ஓடிய வண்டியின் மதிப்பைத் தாரிஃப் கணக்கு பாதியாகக் குறைத்துவிடும். மிகப் பழைய வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பையே விட்டுவிட்டு, மிச்சமாகும் அந்தப் பணத்தில் ஓட்டுபவருக்கு விபத்துக் காப்பு எடுத்தால் மொத்தச் செலவு பெரிதும் ஏறாது. தகரத்துக்குப் போட்ட பணத்தைத் தசைக்குப் போடச் சொல்கிறேன், அவ்வளவே.

சில நிறுவனங்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. "வண்டி நீயே வாங்கிக்கொள், பெட்ரோல் படி தருகிறோம்" என்று ஊழியரிடம் சொல்லிவிடுகின்றன. அப்போது ஊழியரே உரிமையாளர்-ஓட்டுநர் ஆவதால் 15 இலட்சம் காப்பு அவருக்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வண்டிக் கடன், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் அவர் தலையில். பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பளக்காரருக்கு இதைச் சலுகை என்று சொல்வது கேலி போல் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தனியொருவர் பெயரில் உள்ள வண்டிக்கு ஓட்டுபவரின் உயிர்க்காப்பைக் கட்டாயமாக்கிய அதே கையால், நிறுவனத்தின் பெயரில் உள்ள வண்டிக்கும் 'யார் ஓட்டினாலும் அவருக்கு' என்று அதே 15 இலட்சக் காப்பைக் கட்டாயமாக்கலாம். லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும், நிறுவனத்தின் அனுமதியோடு ஓட்டியிருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்துக்கொள்ளட்டும். உரிமையாளருக்கு 2018 இல் 750 ரூபாயில் முடிந்த காரியம், ஊழியருக்கு எட்டாயிரத்திலா போய் நிற்கும்? இதனால் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வியாபாரந்தான். கட்டாயமாக்க எது தடையாக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சட்டம் பயின்ற பெரியோர் விளக்கினால் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

அதுவரை, வரும் ஆண்டில் வேலைக்குச் செல்லவிருக்கும் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாவி கையில் தரும் நாளில் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பாலிசியின் நகலைக் கேளுங்கள். புது ஊழியர் கேட்கக் கூடாத பொருள் அன்று அது, சாலையில் போலீஸ்காரர் உங்களிடம்தான் கேட்கப்போகிறார். முதல் பக்கத்தில் பிரீமியம் பிரித்துக் காட்டும் கட்டத்தில் தனிநபர் விபத்து, ஓட்டுநர் பொறுப்பு, ஊழியர் பொறுப்பு என்ற மூன்று வரிகளுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் சுழி இருந்தால், புதுப்பிக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு அதற்கு ஒரு மாதம் முன்னால் மேலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இடையில், சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியில் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். 2022 ஜூனில் 12 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக உயர்ந்தது அதன் ஆண்டுக் கட்டணம். விபத்தில் உயிர் போனால் 2 இலட்சம், பதினெட்டு வயது முதல் எழுபது வரை யாரும் சேரலாம். கால் முறிவுக்கு அதில் காசு வராது. நிரந்தர ஊனத்துக்கும் இறப்புக்குமே வரும். என் அண்ணன் இப்போது அதில் சேர்ந்திருக்கிறார். ஏஜென்சியின் பாலிசி வரும் பங்குனியில் புதுப்பிக்க வேண்டியது. ஊழியர் பொறுப்பு என்ற அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்.